ஒருவர் உதவியுடன்

பால் பொங்கிவிடும் போலிருந்தது. பியூலா நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாளே தவிர எழுந்திருக்கவில்லை. எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டால் இந்தக் காலைப் பொழுதுக்கே அர்த்தமில்லாமல் போய்விடும். சீனித்தாய்தான் அணைக்க வேண்டும், அதுவும் இடது கையால். வலது கை அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஆறு வாரத்துக்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, பக்கத்தில் இருந்தவர்கள் தூங்கிவிட்டாள் என்று சிரித்து, அப்புறம் யாரோ அவள் வாயைப் பார்த்து அலறி, எல்லாம் கேஸ் ஷீட்டில் பக்கவாதம் என்று ஒரே வரியில் இருந்தது. இப்போது அவள் இடுப்பை மேடையில் சாய்த்து நின்றுகொண்டு, பியூலா சொல்லிக் கொடுத்த மாதிரியே, பாலைப் பார்க்காமல் முதலில் காலைப் பார்த்து, கால் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு கையை நீட்டி, அடுப்பை அணைத்தாள். பால் விளிம்பு வரை வந்து இறங்கியது. நல்லது. பியூலா மடியிலிருந்த படிவத்தில் ஒரு டிக் போட்டாள். இந்த ஆஸ்பத்திரியில் விழுந்தவர்களை நடக்க வைப்பது பக்கத்து அறை பிசியோ. நடந்து போய் என்ன செய்வது என்பது பியூலாவின் பாடு. சோறு பிசைய, ஜாக்கெட் கொக்கி மாட்ட, வாளித் தண்ணீரில் குளிக்க, கக்கூஸில் உட்கார்ந்து எழுந்திருக்க, அடுப்புப் பற்ற வைக்க. அதற்காகத்தான் இந்த அறை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, ஒரு குளியலறை என்று வீடு மாதிரி கட்டி வைத்தது. நோயாளிகள் இதைச் சொப்பு வீடு என்பார்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ற பெயர் யார் வாயிலும் நுழையாததால் அவளுக்குப் பதினாறு வருஷமாக எக்சர்சைஸ் மேடம் என்றுதான் பெயர். சொப்பு வீட்டில் தேறியவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று எக்சர்சைஸ் மேடம் கையெழுத்துப் போட்டால் வார்டில் பெட் காலியாகும். இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குள் காலியாக வேண்டும். காலையில் அவள் உள்ளே நுழையும்போதே வராந்தாவில் ஒரு பெரியவரைப் பாயில் போட்டிருந்தார்கள், வாய் கோணி, மூக்கில் குழாயோடு. அவருக்குத்தான் சீனித்தாயின் பதினேழாம் நம்பர் பெட் என்று அவர் மகளுக்குச் சொல்லியாகிவிட்டது. அந்த மகள் பியூலாவைப் பார்த்து எழுந்து நின்று கும்பிட்டாள். பெட் தருகிறவள் இவள்தான் என்று யார் சொன்னார்களோ.

டிக் போட்டது சரிதான், அதில் தப்பில்லை, சீனித்தாய் போல் ஒரு நோயாளி அமைவது அபூர்வம். ஒரு தடவை சொன்னால் போதும். நைட்டியை முடங்கிய கையில் முதலில் மாட்டு, கழற்றும்போது அதைக் கடைசியில் கழற்று என்றால், மறுநாளே பக்கத்து பெட்காரிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பாள். கட்டிலில் இருந்து எழுதல், டிக். முகம் கழுவுதல், டிக். டம்ளர் பிடித்துக் குடித்தல், டிக், அது மூன்றாவது வாரமே டிக். கழிப்பறைக்குச் செல்லுதல் என்ற வரியில் மட்டும் பேனா நின்றது. அந்த வரிக்கு நேரே நாலு கட்டம். தானாகவே. மேற்பார்வையில். ஒருவர் உதவியுடன். இயலாது. சீனித்தாய்க்கு மூன்றாவது கட்டம்தான், அதில் சந்தேகமே இல்லை, நாற்பது அடி நடக்கிறாள், யாராவது வலது பக்கம் முழங்கையைத் தாங்கினால் போதும். போதும் என்கிற சொல் எவ்வளவு லேசாக வருகிறது. முன்பு இதே சொப்பு வீட்டில் தேறிப் போன ஆவுடையம்மாளுக்கும் மூன்றாவது கட்டம்தான். ஆவுடையம்மாளை நினைக்கக் கூடாது என்று இன்று காலையில் பஸ்ஸில் உட்கார்ந்தபோதே முடிவு செய்திருந்தாள். முடிவு செய்ததே நினைத்ததுதான். அந்த அம்மாளுக்கும் இதே கட்டம், இதே பேனா, இதே நாற்காலி. இருபத்தெட்டு அடி தூரத்தில் கக்கூஸ், வீட்டு வாசலில் இருந்து அளந்து சொல்லச் சொல்லி, மகள் செருப்புக் காலால் அடி அடியாக அளந்து சொன்னாள். அவளும் நாற்பது அடி நடந்தாள், நாற்பது அடி நடப்பவளுக்கு இருபத்தெட்டு என்ன பிரமாதம் என்று பியூலா கணக்குப் போட்டாள். நிலைக்கு உயரம் கேட்டாள், கதவுக்கு அகலம் கேட்டாள், சுவரில் கம்பி அடிக்க எந்த உயரம் என்று படம் வரைந்து கொடுத்தாள். அந்த ஒருவர் யார் என்று கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்து அந்த அம்மாளை ஆம்புலன்ஸில் திரும்பக் கொண்டு வந்தார்கள். காய்ச்சல், சிறுநீரில் சீழ், கிட்னி வேலை செய்யவில்லை, நாக்கு மரப்பட்டை மாதிரி காய்ந்திருந்தது என்று நர்ஸ் சொன்னாள். தண்ணியே வேண்டாம்பாங்க மேடம், தாகமே இல்லைம்பாங்க, என்று மகள் திரும்பத் திரும்பச் சொன்னாள். நாலாம் நாள் முடிந்துபோனது. விழவில்லை அந்த அம்மாள். பியூலா பயந்ததெல்லாம் விழுவதைப் பற்றித்தான். பழக்கிக் கொடுத்ததெல்லாம் விழாமல் இருக்கத்தான். எழுந்தால்தானே விழ. கூப்பிட்டால்தானே எழ. குடித்தால்தானே கூப்பிட. அந்த அம்மாள் பின்னால் இருந்து கணக்குப் போட்டிருக்கிறாள், பியூலா முன்னால் இருந்து போட்டாள், இரண்டு கணக்கும் சரி. ஃபைலில் எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்தது, யாரும் இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். யாராவது திட்டியிருந்தால்கூட இவ்வளவு நாள் உறுத்தியிருக்காது.

"காப்பி ஆறிப்போவும் தாயி" என்று சீனித்தாய் டம்ளரை மேடையில் தள்ளிக்கொண்டே வந்தாள். தூக்கக் கூடாது, தள்ள வேண்டும் என்பதும் இவள் சொல்லிக் கொடுத்ததுதான். சொப்பு வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, யார் ஆரம்பித்ததோ தெரியாது: கடைசிப் பரீட்சைக் காப்பியை மேடமுக்குக் கொடுப்பார்கள், தங்களுக்கும் ஒன்று ஊற்றிக்கொள்வார்கள், இரண்டு பேரும் உட்கார்ந்து குடிப்பார்கள், அதோடு சரி, வீட்டுக்குப் போய்விடுவார்கள். பியூலா வாங்கிக் குடித்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது, தீப்பெட்டி ஆபீஸ்காரிகள் காப்பியே இப்படித்தான், மத்தியானச் சோற்றை அந்தச் சர்க்கரையில்தான் தள்ளிப் போடுவார்கள். நல்லாயிருக்கும்மா என்றாள். சீனித்தாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு, சிரிப்பில் இடது பாதி மட்டும் ஏறியது. அவளுடைய டம்ளர் மேடையிலேயே இருந்தது. "நீங்க குடிக்கலையா?" "குடிக்கேன் குடிக்கேன், சூடு ஆறட்டும்." ஆறட்டும் என்றால் ஆறட்டும். பியூலா இன்னொரு வாய் குடித்தாள். அப்புறம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. உதட்டில் தோல் உரிந்திருந்தது. ஓரத்தில் வெள்ளையாக வறண்டு. இது எப்போதிருந்து? போன வாரம் சேலை மாற்றப் பழக்கியபோது அவள் முகத்தை ஒரு சாண் தூரத்தில் பார்த்தாளே, அப்போது இருந்ததா? வெயிலாக இருக்கும். வார்டில் ஃபேன் ஓடவில்லை, அதனால் இருக்கும். ஃபேன் ஓடாவிட்டால் வேர்க்கும், உதடு ஏன் உரியும். நேற்று வார்டுக்குப் போனபோது கட்டில் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது, கழுத்து வரை நிறைந்திருந்தது, அட யாரோ பொறுப்பாக நிரப்பி வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டு வந்தாள். முந்தாநாளும் அப்படித்தான் நிறைந்திருந்தது. அதே தண்ணீரா? தண்ணீரில் தேதி எழுதியா இருக்கும். பியூலா டம்ளரை வாயிலிருந்து எடுத்தாள். எல்லாரையும் ஆவுடையம்மாளாகப் பார்க்கிறாய், உனக்கு அது வியாதியாகவே போய்விட்டது, என்று டாக்டர் கதிரேசன் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் நல்ல மனுஷர். அவருக்கு வராந்தாவில் பாய்கள் இருக்கின்றன.

இந்தத் தடவை கேட்காமலா இருந்தாள், எல்லாம் கேட்டாகிவிட்டது. மருமகள் முனீஸ்வரி போனில் வீட்டை வீடியோ எடுத்து அனுப்பினாள், பியூலா அதை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பாள். ஒரே அறை. கட்டில் போட்டால் மீதி இடத்தில் பாய்தான். டிவிக்குக் கீழே பேத்தியின் பள்ளிக்கூடப் பை. பின்கதவு, இரண்டு படி, துவைக்கிற கல், அதைத் தாண்டி மூன்று வீட்டுக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். மகன் லாரியில் போனால் வருவதற்குப் பத்து நாள், பதினைந்து நாள். முனீஸ்வரி ஜவுளிக் கடையில் காலை ஒன்பதுக்கு நின்றால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் உட்காருவாள். பேத்திக்கு எட்டு வயது. பகலில் யார் என்றதற்கு, பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்துக்கிடுவாங்க மேடம் என்றாள் முனீஸ்வரி. எட்டிப் பார்க்கிற அக்கா முழங்கையைத் தாங்குவாளா. சரி, அதற்கும் வழி இருக்கிறது, வழி இல்லாமலா பதினாறு வருஷம் உத்தியோகம் பார்த்தது: பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் வட்டமாக அறுத்து, கீழே வாளி வைத்து, கட்டிலை ஒட்டிப் போட்டுவிட்டால் நடக்கவே வேண்டாம். பியூலாவே அறுத்து, விளிம்பில் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்தாள். சீனித்தாய் அதில் உட்கார்ந்து எழுந்தும் காட்டினாள். "ஜோரா இருக்கு தாயி" என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "வாளிய யாரு எடுப்பா?" என்று கேட்டாள். முனீஸ்வரி வந்து எடுப்பாள் என்றாள் பியூலா. காலை ஒன்பதில் இருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் அந்த ஒரே அறைக்குள், பேத்தி வீட்டுப்பாடம் எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில், சோறு சாப்பிடுகிற இடத்துக்குப் பக்கத்தில் வாளி மூடியோடு இருக்கும் என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் யோசித்தார்கள். சீனித்தாய் தலையாட்டினாள். சமத்து நோயாளி. அன்றைக்கு அவள் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதே தப்பு என்று இப்போது தோன்றுகிறது. ஒரு சண்டையாவது போட்டிருக்க வேண்டாமா.

கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று பியூலா யோசித்தாள், காலையில் இருந்து இது பத்தாவது தடவை. ஒரு வாரம் தள்ளிப் போகும். ஒரு வாரத்தில் கால் இன்னும் பத்து அடி நடக்கும். அந்த வீட்டில் ஒரு ஆள் முளைத்துவிடுமா? முளைக்காது. ஜவுளிக் கடை முனீஸ்வரியைப் பகலில் வீட்டுக்கு அனுப்புமா? அனுப்பாது. அப்புறம் எதற்கு ஒரு வாரம், வராந்தாவில் கிடக்கிற பெரியவரை இன்னும் ஒரு வாரம் தரையில் போடவா? முதுகில் புண் வருமே. அவருக்குப் புண் வந்தால் அதுவும் இவள் கணக்கில்தான். எங்கே சுற்றினாலும் வந்து முட்டுகிற இடம் அந்த ஒருவர்தான். யார் அந்த ஒருவர், எந்த வீட்டில் இருக்கிறார், யார் அவரைக் கண்டார்கள்? படிவத்தை அச்சடித்தவன் வீட்டில் இருந்திருப்பார் ஒருவேளை. தனக்கு? பியூலா டம்ளரைக் கீழே வைத்தாள். இதை மட்டும் நினைக்கவே கூடாது. நாற்பத்திரண்டு வயது, போன மாதம் பிரஷர் நூற்று ஐம்பது. கணவன் தாமஸ் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள், படித்து முடித்தால் இன்னும் தூரமாகத்தான் போவாள், போக வேண்டும், போகச் சொல்லி இவள்தான் ஜெபிக்கிறாள். இடது கையால் அடுப்பை அணைக்க அவளுக்குத் தெரியும், கொக்கி மாட்டத் தெரியும், நிலையைத் தாண்டத் தெரியும், எல்லாம் தெரியும், தெரிந்து என்ன. முழங்கையைப் பிடிக்க ஒரு கை. சர்ச்சில் இருந்து ஒரு நாள் வருவார்கள், இரண்டு நாள் வருவார்கள், மூன்றாம் நாள் பழம் கொடுத்தனுப்புவார்கள். ஆண்டவரே என்றாள் வாய்க்குள். சீனித்தாயின் காப்பி இன்னும் குடிக்கப்படாமல் இருந்தது, ஆடை கட்டியிருந்தது.

முனீஸ்வரி வந்துவிட்டாள். கடைச் சீருடைப் புடவையோடேயே வந்திருந்தாள், கையில் இரண்டு பை, ஒரு மணி வரைக்கும்தான் அனுமதியாம், ஆட்டோவை வாசலில் நிற்க வைத்திருக்கிறாளாம். "அத்தை தேறிட்டாங்களா மேடம்? காப்பி போட்டாங்களா? எங்க வீட்ல நானே இப்படிப் போட மாட்டேன்" என்று மாமியார் முந்தானையைச் சரி செய்து, வாயோரத்தைத் துடைத்துவிட்டு, செருப்பைக் குனிந்து மாட்டிவிட்டாள். வெடுக்கென்று எதுவும் இல்லை இந்தப் பெண்ணிடம். இருந்தால் சௌகரியமாக இருக்கும், பழியை எங்காவது இறக்கி வைக்கலாம். அதே நேரம் மேஜை மேல் இருந்த போன் அடித்தது. டாக்டர் கதிரேசன்தான். "பியூலா, பதினேழு என்ன ஆச்சு? மணி பதினொன்று ஐம்பது. அந்தப் பெரியவருக்குச் சளி கட்டுது, தரையில வச்சுச் சக்ஷன் மெஷின் போட்டு உறிஞ்ச முடியல." "அஞ்சு நிமிஷம் சார்." "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிரு, நான் வேற ஏதாவது பாக்குறேன். ஆனா இப்பச் சொல்லு." இதுதான் கதிரேசன், அதட்டினால் எதிர்த்து நிற்கலாம், அவர் எப்போதும் கேட்கத்தான் செய்வார். போனை வைத்தாள். முடியாது என்று சொல்லிவிடலாம் என்று அந்த நிமிஷம் முடிவு செய்தாள். ஒரு வாரத்தில் ஒன்றும் மாறாது, தெரியும்; ஆனால் அந்த ஒரு வாரமும் தன் கண் முன்னால் இவளைத் தண்ணீர் குடிக்க வைக்கலாம், மணிக்கு ஒரு தடவை தானே போய் ஊற்றலாம், தானே கூட்டிப் போகலாம். ஒரு வாரம் தானே அந்த ஒருவராக இருக்கலாம். அதற்கப்புறம்? அதற்கப்புறத்தை அப்புறம் பார்க்கலாம்.

"இன்னும் ஒரு வாரம் இருங்கம்மா" என்றாள். "கையெழுத்துப் போட எனக்கு மனசு வரல."

சீனித்தாயின் சிரிப்பு அப்படியே நின்றது. முனீஸ்வரி பைகளைக் கீழே வைத்தாள். "ஏன் மேடம்? நல்லாத்தான நடக்காக?"

"நடக்கிறதுக்கு இல்ல முனீஸ்வரி. பகல் பூரா இவங்களை பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போக அங்க யார் இருக்கா? எனக்கு அதுதான்."

"அதான?" என்றாள் சீனித்தாய். அவ்வளவுதானா என்கிற மாதிரி அவள் முகம் தெளிந்தது. நல்ல கையால் பியூலாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்கா தாயி யோசிக்கிய? அதுக்கு நான் வேலையே வைக்க மாட்டேன். காலையில அவ கடைக்குப் போகுமுன்ன ஒரு டம்ளர். ராத்திரி அவ வந்தப்பறம் அரை டம்ளர். நடுவுல ஒரு சொட்டு கிடையாது. பத்து நாளாப் பழகிட்டேன். நீங்க சட்டை மாட்டச் சொல்லிக் குடுத்தீய, அடுப்பு அணைக்கச் சொல்லிக் குடுத்தீய, எல்லாம் பழகுனேம்லா, அது மாதிரிதான் இதுவும். நேத்து முழுக்க ஒரே ஒரு தடவைதான் எந்திரிச்சேன், வேணும்னா நர்ஸம்மாட்ட கேளுங்க. இப்பப் போட்ட காப்பியக்கூட நான் தொடல, பாத்தீயள்லா? யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன். எம் பேத்தியப் பாக்கணும். போட்டுருங்க தாயி."

பியூலா முனீஸ்வரியைப் பார்த்தாள். ஏதாவது சொல்லு பெண்ணே, அதிர்ந்துபோ, ஐயோ அத்தை இது என்ன கூத்து என்று ஒரு சத்தம் போடு, நான் இந்தப் பேனாவை மூடிவிடுகிறேன். முனீஸ்வரி வெட்கப்பட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான் மேடம் சொல்லிக் குடுத்தேன்" என்றாள். "எங்க கடையில அப்படித்தான. கவுன்டர விட்டு நகர விட மாட்டாங்க. பதினோரு வருஷமா நான் பகல்ல குடிக்கிறதே இல்ல. முத ஒரு மாசம் தலை வலிக்கும், எரியும். அப்பறம் உடம்பு கேக்குறதை விட்ரும். அத்தை பத்து நாள்லயே பழகிட்டாக."

அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், இரண்டு பேர் உதடுகளும் ஒரே மாதிரி உரிந்திருந்தன. குடிக்கணும், குடிக்காட்டி செத்துப் போவீங்க, ரெண்டு பேருமே, என்று பியூலா சொன்னாள். சத்தமாகவே சொன்னாள், ஆவுடையம்மாளைப் பற்றியும் சொன்னாள், கிட்னி, சீழ், நாலாம் நாள், எல்லாம் சொன்னாள். இரண்டு பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டு முடித்ததும் சரி தாயி, குடிக்கேன், குடிக்கேன் என்றாள் சீனித்தாய், எதைச் சொன்னாலும் சரி என்று பழகுகிற அதே குரலில். வராந்தாவில் யாரோ கோழையை வெளியே எடுக்க முடியாமல் இருமிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பெண் குரல் அப்பா, அப்பா என்றது.

பியூலா மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டாள். கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, தாளை நீட்டினாள்.

"நான்தான் சொன்னேம்லா அத்தை, மேடம் போட்டுருவாகன்னு" என்று முனீஸ்வரி மாமியாரின் வலது முழங்கையைத் தாங்கி, சரியான இடத்தில் தாங்கி, வாசலுக்குக் கூட்டிப் போனாள்.